கேப் ரோட்டை நான் மூடிய ஐப்பசி

ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டு ரோட்டு இலாகாவில் போன மாதம் விருந்து வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு இளம்பெண். இன்ஜினியராம். மலைச்சரிவுகளில் ஏதோ கருவி பதித்திருக்கிறார்களாம். மண் கொஞ்சம் நகர்ந்தால் போதும், இவள் கைப்பேசி கத்துமாம்.

"அங்கள், உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி ரோட்டை மூடுனீங்க?" என்று கேட்டாள்.

"வாயாலதான்மா மூடுனோம்" என்றேன்.

சிரித்தாள். "அதை அப்படியே எழுதிக் கொடுங்கலா. ஆபீஸ்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். நான் பேசினால் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் புகார் உண்டு. எழுதச் சொன்னால் விடுவேனா? படிக்கிறவர்கள் பாடு.

நான் பிறந்தது கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில். கடலோரத் தரை. ஒரு பந்தை வைத்தால் அது வைத்த இடத்திலேயே கிடக்கும், அவ்வளவு சமம். காலையில் ரப்பர் மரங்களுக்கு அப்பால், கிழக்கே நீலமாக ஒன்று தெரியும். மேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டு வேலைக்குச் சேர்ந்து, கோலா குபு பாருவுக்கு மாற்றலாகி லோரியில் போய் இறங்கிய அன்றுதான் அந்த மேகத்தின் காலடியில் நின்றேன். அண்ணாந்து பார்த்ததில் தொப்பி விழுந்துவிட்டது. அங்கே தார் ஊற்றக் கற்றுக்கொண்டது, வடிகால் வெட்டக் கற்றுக்கொண்டது, உடம்பெல்லாம் அட்டைக்கு ரத்தம் கொடுத்தது, இதையெல்லாம் விரித்தால் உங்களுக்குத் தூக்கம் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் மண்டோர் ஆனேன், அதாவது ரோட்டு ஆட்களுக்குத் தலைவன். கோலா குபு பாருவிலிருந்து கேப் வரை ஏறும் மலை ரோடு என் பொறுப்பு. கேப் என்பது மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்து வழிவிடும் இடம். அதைத் தாண்டினால் பகாங், இறங்கினால் ரவூப். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுவண்டி போன பாதை அது. மாடு எங்கே மூச்சு வாங்கியதோ அங்கெல்லாம் ஒரு வளைவு.

தித்திவங்சா மலைத்தொடரைப் பள்ளிப் புத்தகத்தில் நாட்டின் முதுகெலும்பு என்று போட்டிருப்பார்கள். முதுகெலும்பு என்றதும் கெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே கருங்கல்தான், சந்தேகமில்லை. மேலே இருப்பதோ, வெயிலிலும் மழையிலும் காலம் காலமாக வெந்து உளுத்துப்போன கல். சிவப்பு மண்ணாகிவிட்டது. காய்ந்திருக்கும்போது கடப்பாரை துள்ளும். தண்ணி குடித்ததும் அதே மண் களி. மலைக்காரன் பயப்பட வேண்டியது மழைக்கு இல்லை. மழை பெய்த தண்ணி எந்தப் பக்கம் போகிறது என்பதற்குத்தான்.

இதை என் மேலதிகாரி என்சே யூசோப் வாயைத் திறந்தாலே சொல்வார். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம். ஒல்லி மனுஷன். வெயிலானாலும் மழையானாலும் இடது கையில் ஒரு கறுப்புக் குடை தொங்கும், அந்த ஐப்பசி வரை விரித்து நான் பார்த்ததே இல்லை. சரிவைப் பார்க்க வந்தால் ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டு நடப்பார். "மலை நடக்கிறவனோடதான் பேசும், மண்டோர்" என்பார். நடந்து வந்து, குடைக்கம்பியால் வடிகாலைத் தட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஆயெர் பெர்கி மானா?" தண்ணி எங்கே போகுது? கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். பதில் தெரியாவிட்டால் திட்டவும் மாட்டார், போகவும் மாட்டார். அந்த நிற்பு இருக்கிறதே, அதற்குத் திட்டே தேவலை. நான் அவரிடம் அந்தக் கேள்விக்கு முழித்தது முதல் மாதம் மட்டும்தான்.

சரிவு பார்க்கும் முறை எங்களுக்கு ஒன்று இருந்தது. ரோட்டில் வெடிப்பு கண்டால் அதன் குறுக்கே சிமெண்டைக் குழைத்து ஒரு பட்டை பூசிவிடுவோம், புண்ணுக்குப் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி. பட்டை முழுசாக இருந்தால் மலை தூங்குகிறது. பட்டை இரண்டாகப் பிளந்தால் மலை புரண்டு படுக்கிறது. அடுத்து மரங்களைப் பார்ப்போம், நேராக நின்ற மரம் சாய்ந்திருக்கிறதா என்று. கடைசியாக வடிகால். மழை பெய்தும் மேல் வடிகாலில் தண்ணி வரவில்லை என்றால், சந்தோஷப்படக் கூடாது. அந்தத் தண்ணி மலைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் அக்கா பாக்கியத்தோடு எனக்கு வந்த சண்டை உங்களுக்குப் புரியாது. மார்கழியில் வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையை முக்கி எடுக்கும். அப்போது நம் பக்கத்துக்கு மலையே குடை பிடிக்கும், பெரிசாக நனையமாட்டோம். நம் பக்கம் கொட்டுவது காற்று திரும்பும் மாதங்களில். காலையில் மலை பளிச்சென்று தெரியும். வெயில் ஏற ஏறக் கடல்காற்று கிளம்பி, மத்தியானத்தில் மேகத்தைக் கொண்டுவந்து மலையில் முட்டும். தாண்ட முடியாத மேகம் அங்கேயே கொட்டித் தீர்க்கும். எந்த மாதங்கள் தெரியுமா? சித்திரை, வைகாசி ஒரு சுற்று. ஐப்பசி, கார்த்திகை இன்னொரு சுற்று. நம் ஆட்களின் கல்யாண மாதங்களைப் பாருங்கள். ஆடி ஆகாது, புரட்டாசி ஆகாது, மார்கழி ஆகாது. எல்லாம் கழித்துவிட்டு அடித்துப்பிடித்து நிற்பது எங்கே? அதே சித்திரை வைகாசியில், அதே ஐப்பசி கார்த்திகையில். பஞ்சாங்கம் எழுதியவர் தஞ்சாவூர்ப் பக்கம் உட்கார்ந்து எழுதினார். அவருக்குத் தித்திவங்சாவைத் தெரியுமா?

அக்கா கோலா குபு பாருவுக்குக் கீழே ஆற்றோரத் தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்தாள். அத்தான் காலமாகிவிட்டார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருந்துகொண்டு, ரப்பர் பால் வெட்டி, ஒரே மகள் கலாவை வளர்த்தாள். எங்கள் அப்பா அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்கு நான், எனக்கு அவள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மலையைப் பற்றி அளந்துகொண்டிருப்பேன். பழைய கோலா குபு எப்படிப் போனது என்று சொல்வேன். ஈயம் தோண்டிய மண் ஆற்றில் இறங்கி, ஆறு மேடாகி, வெள்ளம் ஊருக்குள் ஏறி, வீடும் கடையும் மணலில் புதைந்து, கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். அதனால்தான் 'பாரு', புது ஊர். "மழை பெஞ்சு ஆறு கலங்குனா பயமில்லக்கா. வெயிலடிக்கும்போது ஆறு சிவந்தா, மேல எங்கயோ மலை இறங்கிடுச்சுன்னு அர்த்தம்" என்பேன். "சோத்தைத் தின்னுடா முதல்ல. மலையை நீதான் பெத்து வளர்த்த மாதிரி பேசுற" என்பாள்.

கலாவுக்கு ரவூப்பில் மாப்பிள்ளை அமைந்தது. சேகர், மரமில்லில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. நல்ல பையன். ஐப்பசியில் ஒரு ஞாயிறு, காலை முகூர்த்தம், தோட்டத்து மாரியம்மன் கோயிலில்.

"தையில வைக்கா. ஐப்பசியில அந்த ரோட்டை நம்ப முடியாது" என்றேன்.

"உன் ரோட்டுக்காக என் மக காத்திருக்கணுமா? ரோட்டை நல்லா வச்சிருக்கத்தானே உனக்குச் சம்பளம்?" என்றாள். தாய்மாமன் கல்யாணப் பொண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் எங்களில் தாலி ஏறும். பட்டம், மாலை, சேலை எல்லாம் வாங்கி அவள் வீட்டில் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வந்து தங்கியிருக்கலாம். மில்லில் லீவு இல்லை என்று, விடியற்காலை பஸ் பிடித்து கேப் வழியாக வருவதாக ஏற்பாடு.

முதல்நாள் சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. எனக்கு அன்று லீவு. குளித்து, திருநீறு பூசி, வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை பஸ் வருகிற ரோடாயிற்றே, ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே கல்யாணத்துக்குப் போய்விடலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். என்னோடு வேலை செய்யும் ரெங்கசாமியையும் ஏற்றிக்கொண்டேன்.

பாதி மலைக்கு மேல், உள்வாங்கிய ஒரு வளைவு. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். நடுவில் போன மாதம் பூசிய சிமெண்டுப் பட்டை. வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்த்தேன். பட்டை பிளந்து, என் கட்டைவிரல் உள்ளே போனது. அண்ணாந்து மேல் வடிகாலைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அடித்த மழைக்கு அதில் ஆறு மாதிரி ஓட வேண்டும். சொட்டுத் தண்ணி இல்லை.

"ரெங்கா, கீழ் முனையில தார் பீப்பாயை உருட்டி ரோட்டை அடை. பழைய டோல் வீட்டுப் போன்ல யூசோப்பைக் கூப்பிடு. ஒரு ஈ காக்கா மேல வரக்கூடாது" என்றேன். பஸ் மேலேயிருந்து வரும். அதை நிறுத்த மறுமுனையில் ஆள் வேண்டும். சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வளைவைக் கடந்து ஓடினேன். கடந்த பிறகுதான் உறைத்தது, கல்யாணம் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

பஸ் வந்தது. முகப்பில் மாலை, ஜன்னலில் பலூன். கொடியைப் பார்த்ததும் நின்றது. சம்பந்தி இறங்கி வந்தார். பெரிய மீசை, தங்கமான குணம்.

"என்ன மச்சான், வரவேற்பு பலமா இருக்கு? கொடியெல்லாம் பிடிச்சிருக்கீங்க" என்று சிரித்தார்.

"மன்னிச்சுக்கங்க மாமா. ரோடு மூடியாச்சு. திரும்பிப் போய் பெந்தோங், கோலாலம்பூர் சுத்தித்தான் வரணும்."

அவர் சிரிப்பு போன வேகத்தைச் சொல்லி மாளாது. வளைவை எட்டிப் பார்த்தார். "எங்க மச்சான் விழுந்திருக்கு? ரோடு முழுசாத்தானே இருக்கு?"

"விழப் போகுது."

"எப்ப?"

"தெரியாது."

"சுத்தி வந்தா முகூர்த்தம் போயிடும்யா! சரி, பஸ் வேணாம். நாங்க இறங்கி நடந்துடுறோம். அந்தா தெரியுது அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். அங்க ரெண்டு வாடகைக் கார் பிடிச்சுக் குடுங்க."

நியாயமான பேச்சுதான். நடந்தால் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். சேகர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியே விட்டான். பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், இடுப்பில் குழந்தைகள். அவர்களையும் அந்தக் காய்ந்த வடிகாலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஒருத்தரும் நடக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க நடந்துதானே வந்தீங்க?" என்றான் சேகர்.

"வந்தேன். இனி நானும் போகமாட்டேன்."

அப்போது மறுமுனையில் ஜீப் சத்தம். யூசோப் குடையோடு பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றார். மேலே பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் வாயில் குவித்துக் கத்தினார், அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"மண்டோர்! ஆயெர் பெர்கி மானா?"

"மாசுக் டாலாம் புக்கிட், துவான்!" என்று நானும் கத்தினேன். மலைக்குள்ளே போகுது.

அலங்காரம் பண்ணிய பஸ்ஸைப் பார்த்தார். அவருக்கும் பத்திரிகை வைத்திருந்தேன், அதனால் யார் வந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. "நான் மூடச் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லு! பழி என் பேர்ல இருக்கட்டும்!" என்று மலாயில் கத்தினார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். நான் தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். அதிகாரி உத்தரவு என்றால் அக்காகூட வாயை மூடியிருப்பாள். ஆனால் சம்பந்தி பக்கத்திலேயே நிற்கிறார். அதிகாரி சொன்னார் என்றால் அதிகாரியிடம் கெஞ்சலாம் என்று தோன்றும். மலையிடம் யார் கெஞ்சுவது?

"அவர் வர்றதுக்கு முன்னாடியே நான் மூடிட்டேன், மாமா. மூடுனது நான்தான்" என்றேன்.

சம்பந்தி எல்லாரையும் திரும்ப பஸ்ஸில் ஏற்றினார். பஸ் பின்னால் போய்ப் போய்த் திரும்பியது. ஒரு பலூன் கிளையில் மாட்டி வெடித்தது. நான் கொடியோடு அங்கேயே நின்றேன். முகூர்த்த நேரம் வந்தது, போனது. பையில் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆம்பிளை அழலாமா என்று கேட்காதீர்கள், அழுதேன். ஆனால் கொடியை இறக்கவில்லை.

ராத்திரி பகாங் பக்கத்து ரோட்டு ஆட்கள் வந்து மேல் முனையை ஏற்றுக்கொண்ட பிறகு, நானும் கோலாலம்பூர் சுற்றிக் கீழ் முனைக்கு வந்து சேர்ந்தேன். கல்யாணத்தில் நடந்ததை ரெங்கசாமி மறுநாள் தோட்டத்தில் விசாரித்து வந்து சொன்னான். பந்தியைத் தள்ளிப்போட முடியாமல் தாலிக்கு முன்னால் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, என்ன வாழ்த்துவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள். பஸ் வந்து சேரும்போது ராகுகாலம் பிறக்கக் கொஞ்ச நேரம்தான். நேரம் தப்பிய கல்யாணம் வேண்டாம், வேறு நாள் பார்க்கலாம் என்று பெரியவர்கள் இழுத்திருக்கிறார்கள். கலா தலை நிமிர்ந்து, "மாமா மூடுனா காரணம் இருக்கும். அவங்க உசுரோட வந்து சேர்ந்த நேரம்தான் எனக்கு நல்ல நேரம். மேளத்தை அடிக்கச் சொல்லுங்க" என்றாளாம். என் மருமகள்டா! பட்டத்தை யாரோ ஒரு பெரியப்பா கட்டினாராம். தாலி ஏறியது.

"அக்கா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

ரெங்கசாமி தார் பீப்பாயைச் சுரண்டினான். "சபையில வச்சு, 'எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல'ன்னு சொல்லிடுச்சு மண்டோர்."

இதில் கொடுமை என்ன தெரியுமா? மலை விழவில்லை. அன்றும் விழவில்லை, அடுத்த மூன்று நாளும் விழவில்லை. காய்கறி லோரிக்காரர்கள் பீப்பாய் வரை வந்து, "மண்டோர், மலை எப்ப விழும்? டிக்கெட் எங்க வாங்கணும்?" என்று கேலி பண்ணினார்கள். மழையும் விட்டுவிட்டது. மாவட்ட ஆபீஸிலிருந்து, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டபடி இருந்தார்கள். யூசோப் ஒவ்வொரு காலையும் வந்து வடிகாலைப் பார்த்தார். காய்ந்தே கிடந்தது. "இன்னும் பதில் வரல, மண்டோர்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திறக்கச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள். நல்ல வெயில். காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மணல் லோரி சாய்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் கொட்டி முடியவே இல்லை. மரங்கள் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்தன. வளைவு, வடிகால், சிமெண்டுப் பட்டை, மாப்பிள்ளை வீட்டார் நடக்கிறோம் என்ற அந்தத் துண்டு ரோடு, எல்லாம் சேர்ந்து கீழே ஓடைக்குள் போய்விட்டது. தூசி அடங்கியபோது ரோடு இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. ரெங்கசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு உயிருக்கும் சேதமில்லை. யூசோப் முதல்முறையாகக் குடையை விரித்தார், வெயிலுக்கா நடுக்கத்தை மறைக்கவா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சிவப்பு மண் ஓடையில் இறங்கி, ஆற்றில் கலந்து, மத்தியானத்துக்கு மேல் தோட்டத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. அக்கா கோயிலில் இரவல் வாங்கிய கல்யாண அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க ஆற்றில் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். மேலே சுட்டெரிக்கிற வெயில். காலடியில் தண்ணி சிவந்து வந்திருக்கிறது.

எனக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் கீழ் முனையில் தார் பீப்பாய் மேல் உட்கார்ந்து, விட்டுப்போன மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு அக்கா இறங்கினாள். சேலை முழங்கால் வரை ஈரம், கையெல்லாம் புளியும் சாம்பலும். செருப்பு இல்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ரோடு இல்லாத இடத்தைப் பார்த்தாள். அந்தத் தூரத்தைக் கண்ணாலேயே அளந்தாள், கூப்பிடு தூரம்.

அடுத்து என் முதுகில் விழுந்தது ஒரு அடி. "பாவி! ஆறு சிவந்து வருது, நீ உள்ள கிடக்கிறன்னு நெஞ்சு வெடிச்சு ஓடியாறேன், இங்க உக்காந்து சோறு திங்கிறியாடா?"

இன்னொரு அடி. யூசோப் பதறி ஓடிவந்தார். வேலையிடத்தில் புகுந்து மண்டோரை அடிக்கிற இந்த அம்மாள் யாரென்று அவருக்கு என்ன தெரியும்? குடையை நடுவில் நீட்டி, "சியாப்பா இனி? யார் இவங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சபையில் சொன்ன சொல் சொன்னதுதானே, நான் என்ன உறவு சொல்வது?

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். என் தட்டை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அவரை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் சொன்னாள்:

"சாயா காக்கா டியா. இவனோட அக்கா நான்."